பரசூட் உத்தரியம்

திருகோணமலை,
ஞாயிறு, பூசை முடிந்த பிறகு.

அன்பு மகள் டிலக்ஷிக்கு,

மாதாவின் காவலில் இங்கே அம்மா சுகம், தம்பி அஞ்சலோ சுகம், என்னிலும் மீசையின் இடப்பக்கத்தைத் தவிர மற்றதெல்லாம் சுகம். நீயும் மருமகனும் அந்தக் குளிரில் சுகமாக இருக்க வேண்டும். ஆவணியில் தம்பியின் கலியாணம், நீயோ பதினொரு வருசத்துக்கு முந்தி விமானம் கடலுக்கு மேலே குலுங்கினதை நினைத்துக்கொண்டு, இனி ஏறவே மாட்டேன் என்கிறாய். நீ அப்படிச் சொன்ன நாளிலிருந்து அம்மாவின் கறியில் உப்பில்லை. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன், வாட்ஸ்அப்பில் துணி அனுப்ப ஏலாது என்பதால் கடிதம். முதலில் மீசையின் கதை, அம்மா வேறு மாதிரிச் சொல்லிவிடுவா.

உலகத்துப் பரசூட் படைகளின் துணிச் சின்னங்கள் என்னிடம் இருநூற்றுப் பன்னிரண்டு இருப்பது உனக்குத் தெரியும், ஒவ்வொன்றும் எந்த நாடு, எந்த ஆண்டு என்று கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். மாசியில், சந்தையில் வெளிநாட்டுப் பழைய உடுப்புக் குவித்து விற்கிற ஸஜ்ஜாத்திடம் ஒரு குளிர் ஜக்கெட் கிடந்தது, அதன் தோளில் ஒரு சின்னம், வெள்ளைப் பரசூட், இரண்டு பக்கமும் செட்டை, கீழே மீனோ நங்கூரமோ என்று தெரியாத ஒரு சாமான். தனியே வெட்டித் தரமாட்டேன் என்று அவன் ஒரே பிடி. ஜக்கெட்டோடு வாங்கி, சின்னம் நசிந்துவிடும் என்று பயந்து, மத்தியான வெயிலில் அதைப் போட்டுக்கொண்டே வந்தேன், அம்மா காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தா. படத்தை வாட்ஸ்அப்பில் சின்னம் சேகரிப்பவர்களின் குழுவில் போட்டேன். ஒரு பெல்ஜியக்காரர் பொலிவியா என்றார், ஒரு கிரேக்கர் காபோன் என்றார், இரண்டு பேரும் சண்டைபிடித்துக் குழுவை விட்டே போய்விட்டார்கள். மிச்சப் பேர், பின்பக்கத்தைக் காட்டு, ஒரு நூலை இழுத்துக் கொளுத்தி மணந்து பார், பழைய சின்னமென்றால் பருத்தி, கடதாசி எரிகிற மணம் வரும் என்றார்கள். கண்ணாடி போடாமல் கிட்டப் பிடித்தேன். எரிந்தது நூலில்லை.

அடுத்த நாள் பார்த்தால், ஜக்கெட்டிலிருந்து வெட்டி மேசையில் வைத்த சின்னத்தைக் காணவில்லை. அட கடவுளே, உன் அம்மா அதை வானத்திலிருந்து புறாவாக இறங்குகிற பரிசுத்த ஆவி என்று நினைத்து, பின்னால் துணி வைத்துக் கயிறு தைத்து, கழுத்தில் போடுகிற உத்தரியமாக்கி, பாதரிடம் ஆசீர்வாதமும் வாங்கி, நாரிப்பிடிப்பில் இடுப்பை நிமிர்த்த ஏலாமல் கிடந்த பெரியம்மாவுக்குச் சாம்பல்தீவுக்கு அனுப்பிவிட்டா. பெரியம்மா மறுநாள் எழும்பித் தண்ணீர் அள்ளினாவாம். அன்றைக்கு ஊசி போட்டதை ஒருவரும் கணக்கில் எடுக்கவில்லை. அவ அதைக் குச்சவெளியில் மகன் பிரதீபனுக்குக் கொடுக்க, அவன் படகு இஞ்சினில் கட்டினான், ஒரே இழுவையில் இஞ்சின் பிடித்ததாம், காலையில் பிளக் மாற்றினவனும் அவன்தான். நான் பஸ் ஏறிப் போய்க் கேட்டால் தரமாட்டானாம், சித்தப்பா உங்களுக்கு விசுவாசம் காணாது, இது இஞ்ச கிடக்கட்டும் என்கிறான். எனக்குக் கோபம் வந்துவிட்டது, டேய் இது ஆமிக்காரற்ற சின்னமடா என்று கத்தினேன். அவ்வளவுதான். அவன் மனைவி கதவைச் சாத்தினாள், அவன் இரண்டு விரலால் அவிழ்த்து ஷொப்பிங் பையில் போட்டு, எங்கட வளவில இருந்தது எண்டு ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ என்றான். நாட்டில் சண்டை முடிந்து எத்தனை வருசம் என்று சிரித்துக்கொண்டு பஸ் ஏறினேன், பாதி வழியில் பார்த்தால் நானும் பையைச் சாரத்துக்குள் ஒளித்துத்தான் வைத்திருக்கிறேன்.

போன கிழமை குழுவில் ஒரு வயதான ஆள் எழுதினார், நாட்டைச் சொல்ல ஏலாது, ஆனால் எந்த நாடென்றாலும் இதைச் சும்மா கொடுப்பதில்லை, பறக்கிற விமானத்திலிருந்து பல தரம் குதித்து, உயிரோடு நடந்து வந்தவனுக்குத்தான் கொடுப்பார்கள் என்று. அதை மூன்று தரம் வாசித்தேன் பிள்ளை. கொப்பியில் நாடு என்ற இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு, சின்னத்தை இந்தக் கடிதத்துக்குள் வைத்திருக்கிறேன். கழுத்தில் போட்டுக்கொண்டு ஏறு. அவர்கள் குதித்தே தப்பினவர்கள், நீ சும்மா இருந்தால் போதும். அம்மா பரிசுத்த ஆவியை நம்புகிறா, நான் பரசூட்டை நம்புகிறேன், இரண்டில் ஒன்று உன்னைத் தாங்கிப் பிடிக்கும். விமான நிலையத்தில் எந்த நாட்டுச் சின்னம் என்று கேட்டால் பொலிவியா என்று சொல், மறுத்தால் காபோன் என்று சொல்.

நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர்வதிக்கிறேன், கர்த்தர் உன்னோடு இருப்பாராக. ஒன்று மறவாதே, அம்மா துணி வைத்துத் தைத்ததால் பின்பக்கத்தை நான் இன்னும் படமெடுக்கவில்லை, குழுவில் எல்லாரும் காத்திருக்கிறார்கள். தபாலில் திருப்பி அனுப்பினால் வாங்கமாட்டேன், நீதான் கையோடு கொண்டுவர வேண்டும். ஆவணிக்குள் மீசை வளர்ந்துவிடும். நீ வந்துவிடு.

உன் அப்பா,
சிறில்