மேட்டில் வைத்த அடுப்பு

அண்ணே,

இன்று காலை எதிர்வீட்டுக் கல்யாணத்துக்குச் சர்பத் போடுவதற்காக ஐஸ்காரர் வந்து என் கடை வாசலில் கட்டியை இறக்கினார். மரத்தூளைத் தட்டிவிட்டுச் சீவ ஆரம்பித்தார். முதலில் சீவியது தட்டில் கொஞ்சம் உருகி இறுகிக் கிடந்தது. அதன்மேல் புதிதாகச் சீவியது ஏறியது. குவித்துக்கொண்டே போனவர் தட்டைச் சாய்த்துத் தூக்கினார். மேலே இருந்தது மட்டும் மொத்தமாக வழுக்கித் தரையில் விழுந்தது. அடியில் இருந்தது அசையவே இல்லை. நான் சிரித்துவிட்டேன். "ஏம்மா, என் நஷ்டம் ஒங்களுக்குச் சிரிப்பா இருக்கா?" என்று கோபித்துக்கொண்டார். அவரிடம் உங்களைப் பற்றி எங்கிருந்து ஆரம்பித்துச் சொல்வது?

நீங்கள் போய்ச் சேர்ந்து ஒரு மழைக்காலம் ஆகிவிட்டது. உங்களிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் மனசுக்குள்ளேயே பேசிப் பேசி அலுத்துவிட்டது. அதனால் எழுதுகிறேன். படிக்க ஆள் இல்லாவிட்டால் என்ன, நான் எழுதத்தான் எழுதுவேன். என் குணம் உங்களுக்குத் தெரியும்.

இந்தத் தீவில் கிராஞ்சிப் பக்கம் ரயில் பாதைக்காக மேடு வெட்டிக்கொண்டிருந்த காலம். என் வீட்டுக்காரர் மண் சுமந்தார், நான் ஆட்களுக்குச் சமைத்துப் போட்டேன். நீங்கள் வடக்கே பனிமலைகளில் பட்டாளத்துக்குப் பாதை வெட்டிவிட்டுக் கப்பலேறி வந்தவர். சாப்பாட்டு நேரத்தில் அந்தக் கதைகளைச் சொல்வீர்கள். ஒருவரும் நம்பவில்லை.

"பனி பேஞ்சா தலை வலிக்கும். ஆள் எப்படிண்ணே சாவான்?" என்று என் வீட்டுக்காரர் கேட்டபோது எல்லாரும் சிரித்தார்கள்.

நீங்கள் கோபப்படவில்லை. "அது புல்லுல நிக்கிற பனி இல்ல தம்பி. ஆள் உசரத்துக்குக் கெடக்கும். மேல நடக்கறப்ப சில நேரம் காலுக்கடியில தொம்முனு ஒரு சத்தம் கேக்கும், வண்டியிலேர்ந்து மூட்டை விழுந்தாப்ல. கேட்டுச்சுன்னா அந்தச் சரிவுல நிக்கப்படாது" என்றீர்கள்.

பனியில் குழி வெட்டி, பக்கச் சுவரை முஷ்டியால், விரலால், கத்தி முனையால் குத்திக் குத்திப் பார்ப்பீர்களாம். பழைய பனிக்கும் புதுப் பனிக்கும் நடுவில் சர்க்கரை போல ஒட்டாத ஓர் அடுக்கு இருந்தால், மேலே இருப்பதை நம்பக் கூடாதாம். மற்றவர்களுக்கு அது கதை. நான் தட்டில் எண்ணெய் தடவி இட்லி ஊற்றுகிறவள். அடி ஒட்டாமல் மேலே எதுவும் நிற்காது என்பது எனக்கு உடனே விளங்கியது.

அந்த வருஷம் மழை பிடித்துக்கொண்டது. நாங்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் இருந்த வெட்டுச் சரிவின் அடியில் திடீரென்று ஓர் ஊற்று கிளம்பியது. அதுவரை சதுப்புக்கு அந்தப் பக்கம் போய்க் குடம் சுமந்துகொண்டிருந்தோம். வாசலிலேயே தெளிந்த தண்ணீர் வந்தால் விடுவோமா? மாரியம்மா குடுத்த தண்ணி என்று ஒரு கல்லை நட்டு மஞ்சள் பூசினோம், பொங்கல் வைத்தோம், தேங்காய் உடைத்தோம். இன்னும் நிறைய வரட்டும் என்று ஆண்கள் மண்வெட்டி எடுத்து ஊற்றைக் குடைந்து அகலமாக்கினார்கள். மலையின் காலை நாங்களே பறித்தோம். அன்று யாருக்கும் அது தெரியவில்லை.

நீங்கள் பொங்கலைக்கூட வாங்காமல் மேலே அண்ணாந்து பார்த்தீர்கள். பிறகு ஏற ஆரம்பித்தீர்கள். நானும் கரண்டியோடு பின்னால் வந்தேன். உச்சியில் புல் கிழிந்து, கை நுழைகிற அளவுக்கு ஒரு வெடிப்பு வளைந்து ஓடியது. நீங்கள் குழி வெட்டி, பனிக்குச் செய்தது போலவே குத்திப் பார்த்தீர்கள். மேலே விறைப்பான செம்மண், கீழே வழவழவென்று வெள்ளைக் களி, இரண்டுக்கும் நடுவில் தண்ணீர் கசிந்தது.

"மேல உள்ளது ஒட்டிக்கிட்டு இல்லம்மா. சும்மா ஒக்காந்திருக்கு" என்றீர்கள்.

கங்காணியிடம் சொன்னீர்கள். அவர் நல்ல மனுஷர். அன்று எல்லாரையும் எதிர் மேட்டில் படுக்கச் சொன்னார். மழையில் நனைந்துகொண்டு கிடந்தோம். மலை விழவில்லை. விடிந்ததும் ஒரே கேலி. "என்னா பனிக்காரரே, மலைக்கு ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டுவிட்டு மூட்டை முடிச்சோடு லயத்துக்குத் திரும்பினார்கள். கங்காணியும் இனிமேல் இந்தப் பேச்சு வேண்டாம் என்றுவிட்டார்.

சமையல் கொட்டகைக்குப் பின்னால் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தீர்கள். அன்றுதான் மிச்சக் கதையைச் சொன்னீர்கள்.

"அங்கயும் ஒரு தடவ சரியும்னு சொன்னேன். சரியல. சிரிச்சாங்க. அடுத்த தடவ அதே மாதிரி பாத்தேன். வாய் வரலம்மா, வெக்கமாப் போச்சு. என்கூட ஒரே கூடாரத்துல படுத்து எந்திரிச்சவன் அந்தச் சரிவுல போனான். தோண்டித்தான் எடுத்தோம்."

"இது எப்பண்ணே விழும்?"

"விழும்னு தெரியும். எப்பன்னு தெரியாது."

தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற ஆம்பளையை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. "சரி, வெக்கப்படற வேலைய எங்கிட்ட விடுங்க. எனக்கு அது வராது" என்றேன். நீங்கள் சிரித்தீர்கள்.

அன்று சாயங்காலமே அடுப்புக் கற்களையும் விறகையும் எதிர் மேட்டுக்கு ஏற்றினேன். பெரிய அண்டாவை நீங்கள் தலையில் தூக்கி வந்தீர்கள். "சோறு மேட்டுலதான். வேணுங்கறவங்க ஏறி வாங்க" என்று கத்தினேன். என்னைத் திட்டாத வாய் கிடையாது. ஆனால் நாள் முழுக்க மண் வெட்டியவன் சோற்றை விட்டுவிட்டு எங்கே போவான்? சேற்றில் வழுக்கி வழுக்கி ஏறி வந்தார்கள். வயிறு நிறைந்த பிறகு இறங்கச் சோம்பல் பட்டுப் பாதிப் பேர் அங்கேயே கீற்றால் மறைப்புக் கட்டிப் படுத்தார்கள். அடுத்தடுத்த நாட்களில் மிச்சப் பேரும், பெண்களும் பிள்ளைகளும் வந்துவிட்டார்கள்.

என் வீட்டுக்காரர் மட்டும் வரவில்லை. "பொண்டாட்டி கூப்பிட்டான்னு மலை ஏறணுமா? ஊரே சிரிக்கும்" என்று லயத்திலேயே அவலைத் தின்றுவிட்டுக் கிடந்தார். நான் போய்க் கத்தினேன், கெஞ்சினேன், இழுத்தும் பார்த்தேன். மனுஷர் அசையவில்லை. வெளியே வீறாப்பாகத்தான் திரிந்தேன். உள்ளுக்குள் எனக்கு உயிரே இல்லை. இத்தனை பேரைக் காப்பாற்றிவிட்டு அவரை மண்ணுக்கு வாரிக் கொடுக்கப் போகிறேனோ என்று அடுப்புப் புகையைச் சாக்கு வைத்து அழுதேன். உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

அந்தி சாய்கிற நேரம் ஊற்றைப் பார்த்துவிட்டு வருவது உங்கள் வழக்கம். ஒரு நாள் ஓட்டமாக வந்தீர்கள். "தண்ணி செவந்துடுச்சும்மா. உள்ளேர்ந்து மண்ணு வருது. தம்பியக் கூப்பிட்டேன், கதவச் சாத்திக்கிட்டாரு."

எனக்கு அப்போது ஒன்றுதான் தோன்றியது. பானையில் ஒளித்து வைத்திருந்த கருவாட்டை எடுத்தேன். நல்ல நெத்திலி. எண்ணெயைத் தாராளமாக ஊற்றி, மிளகாய் கிள்ளிப் போட்டு வறுத்தேன். நீங்கள் முறத்தை எடுத்து வாசனையை லயத்துப் பக்கமாக விசிறினீர்கள். எங்களைப் பார்த்துக் கூட்டம் சிரித்தது. அவல் தின்று நாக்குச் செத்த மனுஷர் எவ்வளவு நேரம் தாங்குவார்? கதவு திறந்தது. கையில் சொந்தத் தட்டோடு, யார் முகத்தையும் பார்க்காமல் ஏறி வந்தார். "சாப்டுட்டு எறங்கிடுவேன்" என்று முறைத்தார். போட்டேன்.

அவர் இரண்டாவது கவளம் எடுக்கும்போது அந்தச் சத்தம் கேட்டது. நீங்கள் சொன்ன அதே தொம். எதிரே செம்மண் மொத்தமாக நகர்ந்தது. லயம், ஊற்று, மஞ்சள் பூசிய கல், எங்கள் பாய் படுக்கை எல்லாம் அதற்கடியில் போயின. என் வீட்டுக்காரர் தட்டைக் கீழே வைத்துவிட்டு, அத்தனை பேர் முன்னாலும் என் கையைப் பிடித்தார். எச்சில் கை. நானும் விடவில்லை.

நீங்கள் ஒவ்வொருவர் தோளையும் தொட்டுத் தொட்டுத் தலை எண்ணினீர்கள். எண்ணி முடித்துவிட்டுத் திரும்பவும் முதலிலிருந்து எண்ணினீர்கள். யாரும் குறையவில்லை என்று உறுதியானதும் உட்கார்ந்து சத்தமாக அழுதீர்கள். அது அந்தப் பனிமலைக் கூட்டாளிக்காக என்று எனக்குத் தெரியும்.

பாதை வேலை முடிந்து டவுனில் தேக்காவுக்கு வந்து கடை போட்டோம். நீங்களும் வந்து பக்கத்திலேயே அறை எடுத்தீர்கள். தெருவில் கொட்டிய மணல் குவியலைக்கூட விரலால் குத்திப் பார்க்காமல் தாண்ட மாட்டீர்கள். நெஞ்சுச் சளியோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும், ஜன்னலுக்கு வெளியே மழையைக் காட்டி, "எந்தப் பக்கம் வடியுது, பாரும்மா" என்றீர்கள். பார்த்துச் சொன்னேன். தலையாட்டினீர்கள்.

இப்போதும் பார்க்கிறேன், அண்ணே. போன வாரம் விடாத மழை. கால்வாய்க் கரையில் குடிசைகளுக்குப் பின்னால் மண் பிளந்திருந்தது. கதவு கதவாகத் தட்டி, திட்டி, அங்கிருந்தவர்களை என் கடைக்குள் கொண்டுவந்து படுக்க வைத்தேன். என் வீட்டுக்காரர்தான் முதல் ஆளாகப் பாய் விரித்துக் கொடுத்தார். விடிந்தது. கரை விழவில்லை. இன்றுவரைக்கும் விழவில்லை. "கிராஞ்சி அம்மா, இன்னைக்கு எந்த மலை விழுது?" என்று தேக்கா முழுக்கக் கேட்டுக்கேட்டுச் சிரிக்கிறார்கள்.

சிரிக்கட்டும், அண்ணே. சிரிக்க எல்லாரும் இருக்கிறார்கள்.