எக்ஸிக்குள்ள தேடின பேர்

2009 மார்ச் 12, வியாழன்

மஞ்சக்குப்பம் ரத்த டெஸ்ட் லேப்புக்கு மச்சான் எழுதின புரோகிராம் இன்னிக்கு வந்துச்சு. கம்ப்யூட்டர்ல அடிச்சிட்டிருக்கும்போது கரண்ட் போனாலும் ரத்த ரிசல்ட் அழியக்கூடாதுன்னு சொல்லியிருந்தேன். "தானா சேவ் ஆவுறது போட்டாச்சு மாமா"ன்னான்.

எக்ஸி ஃபைல, அதான் புரோகிராம ஓட்டுற ஃபைல, நோட்பேடுல தொறந்தேன். ஒரே கிறுக்கல், நடுநடுவுல இங்கிலீஷ் வார்த்தைங்க. சேவ் ஆவணும்னா எந்த ஃபைல்லன்னு ஒரு பேர் உள்ள இருக்கணும். தேடினேன், இல்லவே இல்ல. மச்சானுக்கு போன் போட்டுச் சொன்னேன்.

"கிறுக்கலப் பாத்து ஜோசியமா மாமா?"ன்னு போன்ல சிரிச்சான். அப்புறந்தான் ஒத்துக்கிட்டான். டெஸ்ட் பண்ணும்போது தொந்தரவா இருக்குன்னு அந்த சேவ் பண்ற வரிங்கள ஆஃப் பண்ணினவன், திருப்பிச் சேக்காம அப்படியே எக்ஸி ஆக்கி அனுப்பிட்டான்.

சாயங்காலம் புது எக்ஸி மெயில்ல வந்துச்சு. மறுபடி நோட்பேடுல தேடினேன். பேர் இருக்கு. "இப்ப திருப்தியா?"ன்னான்.

பேர் இருக்கு, சரி. வேலை செய்யுமா? நாளைக்கு லேப்புல அவனையே ரிசல்ட் அடிக்கச் சொல்லிட்டு, பாதியில கம்ப்யூட்டர் பிளக்கப் புடுங்கப்போறேன்.