பாசி வைத்த கட்டு

அன்புள்ள காளீஸ்வரிக்கு,

நீயும் அத்தையும் சுகம்தானே? போனில் சொன்னால் என் குரலே உன்னைப் பயமுறுத்திவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

இங்கே மலேசியாவில், கோல சிலாங்கூர் தோட்டத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனையின் முள் கால் விரலில் குத்தியது. சின்னக் காயம்தான். ஆனால் சர்க்கரை இருப்பதால் இரண்டு வாரமாக நீர் வடிந்தது.

"இது நிக்கலன்னா விரலை எடுக்கணும் அண்ணே" என்றாள் கிளினிக் நர்ஸ் ஷர்மினி. பிறகு பஞ்சு போன்ற ஒன்றை வைத்துக் கட்டினாள். "கடல்பாசியில செஞ்சது லா, நீரை உறிஞ்சிக்கும்."

நீ பாசி பறிக்கிற கடலை நினைத்தபடியே நாட்களை ஓட்டினேன். இன்று கட்டைப் பிரித்தபோது கண்ணை மூடிக்கொண்டேன்.

"நீரு வத்திருச்சு. விரலை எடுக்க வேண்டாம்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறேன். பேச ஒன்றுமில்லை என்று உடனே வைத்துவிடாதே. பாசிக்குப் போகும்போது விரல்களில் துணி சுற்றிக்கொள், பாறை கிழித்துவிடும். தோட்ட வேலைக்கு எங்களை ஏற்றிப்போகும் லோரி வந்துவிட்டது, இத்துடன் முடிக்கிறேன்.

உன்
சாத்தையா