மூன்றாவது உதறல்

திருவொற்றியூர்,
14-9-1952

என் வீட்டுக்காரருக்குக் குப்பம்மா எழுதுவது. நானும் மகள் வேம்புவும் சுகம். நீங்கள் சுகமா என்பதை மட்டும் அத்தாவுல்லா அண்ணன் வாயால் தெரிந்துகொள்ள வேண்டியதாகிவிட்டது. மூன்று மாதமாக உங்களிடமிருந்து ஒரு கார்டு கூட இல்லை.

உங்களோடு கப்பலில் இருந்த அண்ணன் போன வாரம் ராயபுரத்துக்கு வந்துவிட்டார். எல்லாம் சொன்னார். உங்கள் கப்பலில் கரி அடுப்பை எடுத்துவிட்டு எண்ணெய் அடுப்பு வைத்துவிட்டார்களாம். நெருப்பைப் பார்த்துக்கொள்ள நான்கு பேர் போதும், அதில் ஒருவராக உங்களை இருக்கச் சொன்னார்களாம். "எண்ணெ வர்ற கொயா திருவுறதுக்கு ஆம்பள இன்னாத்துக்குன்னு சொல்லி பம்பாய்ல எறங்கிட்டான் தங்கச்சி. வூட்டுக்கு வர வெக்கமா கீதாம்" என்றார். கேட்டதும் கோபம்தான் வந்தது. அப்புறம் அழுதேன். கோபம் இன்னும் போகவில்லை.

இங்கே நடந்ததையும் கேளுங்கள். எங்கள் தீப்பெட்டிக் கம்பெனியிலும் எந்திரம் வந்துவிட்டது. பெட்டியில் குச்சி அடைக்க நாங்கள் முப்பது பெண்கள் இருந்தோம் அல்லவா, அந்த வேலையை அது ஒன்றே செய்கிறது. "நம்ம சோத்துல மண்ணள்ளிப் போட வந்துகீதுடி இது" என்றாள் பக்கத்து இருக்கை வரலட்சுமி. நானும் நாலு வார்த்தை திட்டலாம் என்றுதான் போனேன். திறந்த வாய் அப்படியே நின்றுவிட்டது. ஒரு பக்கம் குச்சி கொட்டுகிறது, ஒரு பக்கம் வெறும் பெட்டி ஓடி வருகிறது, நான் இமை மூடித் திறப்பதற்குள் பத்துப் பெட்டி நிறைந்து போகிறது. இரும்பைப் பெற்றவர்கள் யாரோ, அவர்கள் நன்றாக இருக்கட்டும் என்று தோன்றியது. என் சோறு போகிறதே என்ற நினைப்பு அரை மணி கழித்துத்தான் வந்தது.

ஆனால் மத்தியானம் வந்தால் அது நின்றுவிடும். ஃபிட்டர் செல்வநாதன் மூன்று நாள் திருகாணியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாகப் பேஜாராகிப் போனார். நாலாம் நாள் நான் போய்ச் சொன்னேன். அண்ணே, அது கெட்டுப் போகவில்லை. கடல் காற்று வந்தால் குச்சி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். காலையில் குச்சித் தட்டை இரண்டு தரம் உதறுவோம், காற்று மாறினால் மூன்று தரம். பன்னிரண்டு வருஷமாக இப்படித்தான். அவர் சிரிக்கவில்லை. என்னை ஒரு தட்டை எடுத்து உதறச் சொல்லி, மணிக்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். நாற்பது தரமாவது உதறியிருப்பேன்.

நேற்று எந்திரத்தின் தட்டுக்கு அடியில் ஒரு சின்ன இரும்புக் கை வைத்து ஓட்டினார். இடம், வலம், அப்புறம் லேசாக ஒரு தட்டு. அது என் உதறல். என் மணிக்கட்டு. வேறு யாரும் அப்படி உதறமாட்டார்கள், வரலட்சுமி கூட. நான் பக்கத்தில் சும்மா நிற்கிறேன், என் கை அங்கே வேலை செய்துகொண்டிருக்கிறது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. பயமா சந்தோஷமா என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

இரண்டு உதறலா மூன்று உதறலா என்பது மட்டும் அதற்குத் தெரியாது. அதற்கு ஒரு பிடி இருக்கிறது. காற்று மாறியதை முகத்தில் உணர்ந்து அதைத் தள்ளுவதுதான் இனி என் வேலை. வரலட்சுமிக்கு வேலை இல்லை. என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அதையும் எழுதாமல் விட்டால் இந்தக் கடிதம் பொய்யாகிவிடும்.

உங்களுக்குச் சொல்ல வந்தது இதுதான். நெருப்பின் நிறத்தைப் பார்த்தே கொதிகலன் என்ன கேட்கிறது என்று சொல்வீர்கள் என்று அத்தாவுல்லா அண்ணன் எத்தனை தரம் பெருமை பேசியிருக்கிறார்! எண்ணெயில் எரிந்தாலும் அது நெருப்புத்தானே? கப்பல் இன்னும் பம்பாயில்தான் நிற்கிறதாம், உங்கள் இடமும் காலியாகவே இருக்கிறதாம். ஒரு தரம் கொதிகலன் அறைக்கு இறங்கிப் போய் அந்த நெருப்பைப் பாருங்கள். அதில் உங்கள் கண்ணுக்கு வேலை இருந்தால் ஏறுங்கள். இல்லையென்றால் விட்டுவிடுங்கள். நான் ஒரு வார்த்தை கேட்கமாட்டேன். எதுவானாலும் முதலில் வீட்டுக்கு வந்துவிட்டுப் போங்கள்.

இன்னும் பதின்மூன்று நாளில் ஆயுத பூஜை. குச்சி அடைக்கும் எங்களுக்குக் கருவி கிடையாது என்று மேஸ்திரி கோதண்டம் வருஷா வருஷம் எங்கள் கைகளுக்கே சந்தனம் பூசிக் குங்குமம் வைப்பார், ஞாபகம் இருக்கிறதா? இந்த வருஷம் கைக்கு வைப்பதா எந்திரத்துக்கு வைப்பதா என்று அவருக்கே குழப்பம். இரண்டுக்கும் வையுங்கள் என்றேன்.

உங்கள் கைக்கு நான்தான் வைக்க வேண்டும். சந்தனத்தை முன்னாலேயே அரைத்து வைத்தால் காய்ந்துவிடும். அதனால் எந்த நாள் வருகிறீர்கள் என்று ஒரு கார்டு போடுங்கள். வேறு எதுவும் எழுத வேண்டாம்.

உங்கள் பெயரை நான் எழுதக்கூடாது என்பதால், அண்ணன் தந்த பம்பாய் விலாசத்தோடு உறைமேல் வேம்பு எழுதியிருக்கிறாள். எழுத்து கோணலாக இருந்தாலும் கடிதம் உங்களுக்குத்தான்.

வழி பார்த்திருக்கும்,
குப்பம்மா