கேசட்டின் மறுபக்கம்

கூத்தாநல்லூர்,
12.7.2008

அன்பு மகன் சுஹைபுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் அத்தா மீரா சாகிப் எழுதுவது. உன் அம்மாவின் குரலைச் சிறிய எம்பி3 கோப்பாக மின்னஞ்சலில் அனுப்பச் சொன்னாய். அவ்வாறு அனுப்ப இயலாத காரணத்தைத் தெரிவிக்கவே இக்கடிதம்.

உன் அம்மாவின் நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முறைப்படி முடிந்தது. உனக்கு விடுப்பு கிடைக்காததை யாரும் குறையாகச் சொல்லவில்லை. வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. நான் ஒருவேளைதான் சமைக்கிறேன், அதுவே மீந்துவிடுகிறது.

நான் குவைத்தில் இருந்தபோது எங்கள் கடிதங்கள் கேசட்டில்தான். ஒரு பக்கம் அவள் பேசுவாள், மறுபக்கம் நான். அடுத்த முறை அதே கேசட்டை அழித்து அதன்மேல் பேச வேண்டும், புதியது வாங்கக் கூடாது என்பது நான் வகுத்த விதி. எட்டு ஆண்டுகள் அவள் பேசியதையெல்லாம் அந்த விதி அழித்துவிட்டது. கடைசிக் கேசட்டுக்குப் பதில் பதியுமுன் நான் ஊரோடு திரும்பிவிட்டதால் அது மட்டும் தப்பியது.

முதலில் அந்தக் கேசட்டைக் கணினியில் ஏற்றி, நீ சொன்னபடியே எம்பி3 ஆக்கிக் கேட்டேன். பேச்சு தெளிவாக இருந்தது. ஆனால் அவள் நிறுத்தும் இடங்களில் ஒன்றுமில்லை. மூலத்தில் அவ்விடங்களில் மெல்லிய மூச்சு கேட்கிறது. “புள்ளைக்குச் சளி. இப்பத்தான் மடியில தூங்குறான், அதான் மெதுவாப் பேசுறேன்” என்கிறாள். அது உன் மூச்சு. காதுக்கு எட்டாது என்று கருதி எம்பி3 அதை வெட்டிவிட்டது.

ஆகவே ஃபிளாக் முறையில் சுருக்கினேன். அது கோப்பின் அளவைக் குறைக்கும். ஒலியில் எதையும் கழிக்காது. திரும்ப விரித்து மூலத்தோடு இருமுறை ஒப்பிட்டேன். கணினி ஒலியைக் குறித்துவைக்கும் எண்களில் ஒன்றுகூட மாறவில்லை. இருநூற்று முப்பது மெகாபைட், மின்னஞ்சலில் போகாது என்பதால் குறுந்தகட்டில், அதை இயக்கும் மென்பொருளோடு, பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். ஹெட்போனில் கேள். இரைச்சலை நீக்கிவிடாதே.

முடிவில் அவள் சொல்கிறாள்: “மச்சான், டேப்பு முடியப்போவுது. மறுபக்கத்துல நீங்க பேசுங்க. போன தடவ மாதிரி தாள்ல எழுதிவச்சுப் படிக்காதீங்க. தாசில்தார் ஆபீஸ் நோட்டீஸ் கேக்குற மாதிரி இருக்கு.”

நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் ஊருக்கு வந்தேன். இருபது ஆண்டுகள் ஒரே வீட்டில் இருந்தும் சொல்லவில்லை.

அவள் பக்கத்தின்மேல் இனி யாரும் பதிய முடியாதபடி கேசட்டின் விளிம்புத் துண்டை உடைத்துவிட்டேன். மறுபக்கத் துண்டை உடைக்கவில்லை.

அல்லாஹ் உனக்கு அந்நாளைய தூக்கத்தைத் தரட்டும். இந்த உறையை ஒட்டியதும் கேசட்டைத் திருப்பிப் போட்டுப் பேசப்போகிறேன். கையில் தாள் வைத்துக்கொள்ள மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அத்தா
மீரா சாகிப்