பாதி வழியில் நின்ற சரக்கு

மார்ச் 3, 2015

பசுந்தேயிலை விலை இந்த மாதமும் ஏறவில்லை. மாமா பேப்பரை மடித்து வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். சாம்பாரில் உப்புப் போட்டேனா என்று எனக்கு ஞாபகமில்லை. இருவரும் சாப்பிட்டு முடித்தோம். அவருக்கும் தெரிந்த மாதிரி இல்லை.

சரத் போய் ஐந்து வாரம்; மாமாவுக்கு மகன், எனக்குப் புருஷன். ஃபேக்டரி வாசலில் ஒரு மூட்டையை இறக்கிவிட்டு, தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாராம். அவ்வளவுதான்.

காரியத்துக்குக் கோயம்புத்தூரிலிருந்து வந்த பெரியம்மா என் அண்ணனிடம் குசுகுசுவென்று கேட்டாள்: "இவ அழுகவே இல்லையாடா?" எனக்குக் கேட்டது. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். தொடர்ந்து கழுவினேன்.

மார்ச் 6

மாலை போட ஒரு போட்டோ வேண்டும் என்று மாமா கேட்டார். அதற்காக சரத்தின் லேப்டாப்பைத் திறந்தேன். போட்டோவுக்கு முன்னால் அந்த விளையாட்டு திறந்துகொண்டது.

பகலெல்லாம் நீலகிரியில் எங்கள் ஊர் எமரால்டைச் சுற்றியுள்ள சின்னத் தோட்டக்காரர்களிடம் தேயிலைக் கொழுந்து வாங்கி, பிக்கப்பில் ஏற்றி ஃபேக்டரிக்குக் கொண்டுபோவது அவர் தொழில். சாயங்காலம் வந்தால் விண்வெளிக் கப்பல். அங்கேயும் சரக்குதான். யாரோ ஒருவர் ஒரு கோளில் சரக்கைக் கட்டி வைப்பார். இன்னொரு கோளுக்கு அதைக் கொண்டு சேர்க்க வேண்டும். வழிமறித்துப் பிடுங்கக் கொள்ளைக்காரர்கள் உண்டு. அவர்களும் உலகத்தில் எங்கோ உட்கார்ந்து விளையாடும் ஆட்கள்தான். சேர்த்தால் பெயர் ஏறும். தொலைத்தால் இறங்கும்.

"அங்கயும் லோடு அடிக்கறதுக்கு எதுக்குங்க ஒரு வெளையாட்டு?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அங்க கொழுந்து வேண்டாம்னு எவனும் திருப்பி அனுப்பமாட்டான் பிரியா."

அவருடைய பெயர் அங்கே 'எமரால்டு லாரி'. மூன்று வருடமாக ஒரு சரக்கும் தொலைத்ததில்லை.

கப்பல் பாதி வழியில் ஒரு நிலையத்தில் நின்றிருந்தது. உள்ளே சரக்கு. சரக்குக்காரர் பெயர் பெலிக்கன். இங்கிலீஷில் எழுதியிருந்தார்: "லாரி, நீ இப்படிச் செய்கிற ஆள் இல்லை. கெடுவைத் தள்ளி வைத்திருக்கிறேன். காத்திருக்கிறேன்."

போட்டோவை எடுத்து மாமாவின் பென்டிரைவில் போட்டேன். லேப்டாப்பை மூடினேன்.

மார்ச் 7

மறுபடி திறந்தேன். எத்தனை சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்திருப்பேன்! எந்தப் பொத்தான் எதற்கு என்று கை தெரிந்து வைத்திருந்தது. மெதுவாக, சுற்று வழியாகப் போய்ச் சேர்த்தேன்.

"நன்றி லாரி" என்று வந்தது.

அடுத்தவருடைய சரக்கு. பாதியில் கிடக்கக் கூடாது. அவ்வளவுதான் என் எண்ணம்.

மார்ச் 15

இன்னொன்று ஏற்றினேன். இது பாதியில் கிடந்ததுகூட இல்லை.

ஏப்ரல் 12

கீர்த்தி அண்ணன் வந்திருந்தான். பிக்கப்பைச் சுற்றிச் சுற்றி வந்து டயரைக் காலால் உதைத்துப் பார்த்தான்.

"இதை வித்துப்போட்டு ஊட்டுக்கு வந்துரு பிரியா. தேயிலை இனி எந்திரிக்காது. இங்க உனக்கு ஆரு இருக்கறாங்க?"

"மாமா இருக்காங்க."

"அவரையும் கூட்டிட்டு வா."

மாமா உள்ளேயிருந்து, "நான் எங்கீம் வர்ல தம்பி" என்றார்.

எனக்கு எது என்றாலும் ஒன்றுதான். வண்டி இருந்தாலும் சரி, போனாலும் சரி. பஸ் ஏறும்போது அண்ணனுக்குக் கண் கலங்கியது. அவனைப் பார்த்து எனக்கு வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

மே 9

மழை பெய்து கொழுந்து குப்பென்று கிளம்பிவிட்டது. கிளம்பி என்ன, எடுக்க ஆளில்லை. டிரைவர் ராஜரத்தினம் அண்ணன் வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னார்: "இவ்வளவுக்கு மேல எடுக்க ஏலாதுன்னு ஃபேக்டரியில சொல்லிட்டாங்க தங்கச்சி. மிச்சத்த எங்க கொண்டு போறது?"

அவர் இலங்கை எஸ்டேட்டில் பிறந்து, சின்ன வயதில் இங்கே வந்தவர். சரத்துடன் பன்னிரண்டு வருடம் ஓட்டியவர். இப்போது அவரே ஓட்டி, அவரே எடை போட்டு, அவரே பதில் சொல்கிறார். என்னிடம் தினமும் வந்து கேட்கிறார். "நீங்களே பாத்துக்கங்கண்ணா" என்று தினமும் சொல்கிறேன்.

அவர் போனதும் பெலிக்கனின் சரக்கை ஏற்றினேன். அங்கே எல்லாமே தெளிவாக இருக்கிறது. இங்கிருந்து அங்கே.

ஜூன் 2

'எமரால்டு லாரி' அந்தப் பகுதியில் முதல் பத்துக்குள் வந்திருக்கிறது. யாரோ ஒரு புது ஆள், "உங்களை மாதிரி ஆக என்ன செய்யணும்?" என்று கேட்டிருந்தான். சரத் இருந்திருந்தால் ஒரு பக்கம் எழுதியிருப்பார்.

"அவசரப்படாதீர்கள்" என்று எழுதினேன். அவர் எழுதுவது மாதிரிதான் இருந்தது.

ஜூன் 20

தொலைத்துவிட்டேன்.

நாலு நாளாகக் காற்றும் மழையும். விளையாட்டில் கடைசி விண்வெளி வாயிலைக் கப்பல் தாண்டும்போது பி.எஸ்.என்.எல். லைன் போய்விட்டது. திரும்ப வந்தபோது கொள்ளைக்காரர்கள் வேலையை முடித்திருந்தார்கள், கப்பல் இல்லை. சரக்கு இல்லை. பெலிக்கனும் அவருடைய கூட்டாளிகளும் மாதக்கணக்கில் சேர்த்த சாமான், அவர்கள் கட்டிக்கொண்டிருக்கும் நிலையத்துக்கானது.

லேப்டாப்பை மூடித் திறந்து, மூடித் திறந்து தேடினேன். சரத் செத்த அன்றுகூட இப்படிப் பதறவில்லை. என்ன மனுஷி நான்?

ஜூன் 21

பெலிக்கன்: "மூன்று வருடம். ஒரு தடவைகூட இல்லை. என்ன நடந்தது லாரி?"

லைன் போச்சு என்று எழுதலாம். உண்மைதான். எழுதினேன், அழித்தேன். கேள்வி என்னிடம் இல்லை. லாரியிடம். லாரி எங்கே இருக்கிறார் பதில் சொல்ல?

ஜூன் 23

எழுதிவிட்டேன். லாரி ஜனவரியில் இறந்துவிட்டார். நான் அவர் மனைவி. அன்றிலிருந்து கொண்டுவந்தது நான். இதைத் தொலைத்ததும் நான்.

எல்லோரும் படிக்கிற இடத்திலேயே எழுதினேன்.

ஜூன் 26

எங்கெங்கிருந்தோ அனுதாபம் வருகிறது. பாவம், பாவம். ஒருவரும் சரக்குத் தரவில்லை.

ஜூன் 29

பெலிக்கனின் பதில்:

"அவருக்காக வருந்துகிறேன். நல்ல ஆள். சரக்குக்குப் பிணையாகக் கட்டியிருந்த பணத்தை எடுத்துக்கொண்டேன், அது விளையாட்டின் விதி. மார்ச்சிலிருந்து லாரி ஏன் சுற்று வழியில் வருகிறார் என்று யோசித்தேன். வயதாகிறதோ என்று நினைத்தேன். அது நீங்கள். அவர் பெயருக்கு இனி நான் சரக்குத் தரமாட்டேன். உங்களுக்கென்று ஒரு பெயர் வைத்துக்கொள்ளுங்கள். அடியிலிருந்து தொடங்க வேண்டும். சின்னதாக ஒன்று தருகிறேன்."

பாவம் என்ற சொல்லே அதில் இல்லை. நாலைந்து முறை படித்தேன்.

ஜூலை 4

காலையில் ஆயம்மாள் வந்தாள். மேட்டில் முக்கால் ஏக்கர் தேயிலை வைத்திருப்பவள். குடையை மடக்காமலே நின்று கத்தினாள்.

"ஏனம்மிணி, மூணு நாளா வண்டியக் காணோம். பறிச்ச கொழுந்து மூட்டையிலயே கெடந்து வெந்து போச்சு. நான் ஆரைக் கேக்கறது? சரத் தம்பி இருந்தா இப்படி உட்ருக்குமா?"

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஃபேக்டரிக்குப் போன் செய்தேன். மெஷின் ரிப்பேர், மூன்று நாளைக்குக் கொழுந்து வேண்டாம் என்று முன்னமே மெசேஜ் போட்டார்களாம். யாருக்கு?

சரத் நம்பருக்கு. அந்தப் போன் ஜனவரியிலிருந்து பீரோவுக்குள் அணைந்து கிடக்கிறது. முதல் நாள் வண்டி ஃபேக்டரி கேட் வரை போய், அப்படியே திரும்பியிருக்கிறது. ராஜரத்தினம் அண்ணன் அதைச் சொல்ல வந்தபோது நான் வழக்கம்போல, "நீங்களே பாத்துக்கங்கண்ணா" என்றிருக்கிறேன். கேட்கக்கூட இல்லை.

ஆயம்மாள் காப்பி குடிக்காமல் போய்விட்டாள்.

ஜூலை 5

ஃபேக்டரியில் என் நம்பரைக் கொடுத்தேன். எழுதிக்கொண்டவர், "கொஞ்ச நாளைக்குத்தானுங்களே? வண்டி விக்கறதாக் கேள்விப்பட்டமே" என்றார். கீர்த்தி அண்ணன் வாங்க ஆள் பார்த்துவிட்டான் போலிருக்கிறது.

"விக்கலைங்க" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது.

பிறகு ராஜரத்தினம் அண்ணனுடன் ஒவ்வொரு தோட்டமாகப் போனேன். மழைக்கோட்டுக்குள் எல்லாம் நனைந்துவிட்டது. வண்டி இனி என் பொறுப்பு, குறை என்றால் என்னைக் கேளுங்கள் என்றேன். சிலர் தலையாட்டினார்கள். இரண்டு பேர், வேறு வண்டிக்குப் பேசிவிட்டோம் என்றார்கள். ஆயம்மாள் கதவுக்குள் நின்றபடியே கேட்டாள்.

"கெட்டுப்போனதுக்கு என்ன சொல்ற?"

"என் தப்புதானுங்க. அடுத்த எடையில சரி பண்ணித் தர்றனுங்க."

"பாக்கலாம்" என்றாள்.

ராத்திரி அண்ணனிடம் போனில் பெரிய சண்டை. "உனக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சா?" என்றான். இருக்கலாம்.

ஜூலை 19

விளையாட்டில் புதுப் பெயர் வைத்தேன். 'ஷண்முகப்ரியா', என் முழுப் பெயர். வேறு எதுவும் தோன்றவில்லை. பெலிக்கன் தந்தது ஏதோ திருகாணிப் பெட்டி. எவனும் கொள்ளையடிக்கக்கூட வரமாட்டான். கொண்டு சேர்த்தேன்.

ஆகஸ்ட் 8

ஊட்டி டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்திருக்கிறேன், கூட வருவது எல்லாம் காலேஜ் பிள்ளைகள். மாஸ்டர் என்னை மட்டும், "பயப்படாதீங்க மேடம்" என்கிறார். பயமெல்லாம் ஒன்றுமில்லை. அதுதான் பிரச்சினை.

ஆகஸ்ட் 30

விலை இன்னும் கீழே. கொழுந்து நனைந்திருக்கிறது, ஈரக் கழிவு என்று ஃபேக்டரியில் எடையில் நிறையப் பிடித்துவிட்டார்கள். நின்று வாதாடினேன், கொஞ்சம் விட்டார்கள். ஆயம்மாள் இன்று கொழுந்து கொடுத்தாள். ஒரே ஒரு மூட்டை. சோதிக்கிறாள்.

செப்டம்பர் 13

லைசென்ஸ் வந்துவிட்டது. மாமா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "போட்டோ நல்லால்ல கண்ணு" என்றார். ஜனவரிக்குப் பிறகு அவர் சிரித்து இன்றுதான் பார்த்தேன்.

செப்டம்பர் 24

ராஜரத்தினம் அண்ணனுக்குக் கை சுளுக்கு. நான் ஓட்டினேன், அவர் பக்கத்தில். பின்னால் முழு லோடு.

டேம் தாண்டி மேட்டு வளைவில் வண்டி அணைந்துவிட்டது. மறுபடி கிளப்பினேன், அணைந்தது. பின்னாலே நழுவியது. பஸ்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். கிளட்ச் எங்கே பிடிக்கும் இந்த வண்டியில்? எங்கேயோ பிடிக்கும், அது சரத்துக்குத்தான் தெரியும். என்னங்க, பன்னிரண்டு வருஷம் ஓட்டினீங்களே, ஒரு நாள், ஒரே ஒரு நாள் இந்த சீட்ல என்னை உக்கார வெச்சிருக்கலாமில்ல? சொல்லிக் குடுக்காம போயிட்டீங்களே, இப்படிப் பாதியில போட்டுட்டுப் போயிட்டீங்களே! சத்தமாகவே கத்திவிட்டேன் போலிருக்கிறது. ஸ்டீயரிங்கில் தலையை வைத்துக்கொண்டு அழுதேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. பஸ்காரன்கூட ஹாரனை நிறுத்திவிட்டான்.

ராஜரத்தினம் அண்ணன் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, திரும்பாமலேயே, தணிந்த குரலில் சொன்னார்:

"கிளட்ச் மேல வந்துதான் பிடிக்கும் தங்கச்சி. மெல்ல விடுங்க. கொழுந்து வாடுது."

மெல்ல விட்டேன். ஏறியது.