பூசணிக்காயும் வால்வு மூடியும்

1996 மே 14, செவ்வாய்

பால் பண்ணையில் பாலைச் சூடாக்கும் கருவியின் ரப்பர் பிய்ந்து, பீறிட்ட பாலில் அதை இயக்கும் ஏழுமலையின் கை வெந்துவிட்டது. பால் போகும் வழி, வரும் வழி இரண்டும் மூடியிருக்க, வெந்நீர் மட்டும் ஓடியிருக்கிறது. சூட்டில் விரிந்த பாலுக்குப் போக்கிடம் இல்லை. அழுத்தத்தை வெளியேற்றும் வால்வு சொட்டுகிறது, பால் வீணாகிறது என்று மேனேஜர் போன வாரமே அதன் வாய்க்கு மூடி திருகியிருந்தார்.

"கண்ணு பட்டுடுச்சி சார். கீழ்பென்னாத்தூர் வேன்காரன் அன்னிக்கே மிஷின ஒரு மாதிரி பாத்தான்" என்றார், கருவியைச் சோதிக்கப் போன என்னிடம்.

"அவன் மூடி போடலீங்களே" என்றேன்.

"நீங்க ஜாஸ்தி படிச்சிட்டீங்க சார்."

பூசணிக்காய் உடைத்தார். சாயங்காலம் ரப்பர் மாற்றிய கருவியில் குங்குமம் இருந்தது, மூடியும் இருந்தது. அதைக் கழற்றி எடுத்து வந்துவிட்டேன். மேஜைமேல் கிடக்கிறது.

நாளை ஏழுமலையின் இடத்தில் அவன் தம்பி நிற்பான். இந்த மூடி எல்லாக் கடையிலும் கிடைக்கிறது.